விமான கம்பெனி பங்கு வாங்கும் முன் புரட்ட வேண்டிய பக்கங்கள்

விமான கம்பெனி பங்கு வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களோடுதான் வருகிறார்கள்: பங்கு விலை, கடைசிக் காலாண்டின் லாபம். அந்த லாபம் எந்தக் கணக்கு முறையில் வந்தது என்பதை ஆண்டறிக்கையின் பின்பாதியில் வரும் குறிப்புகளில் அந்தக் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. முதல் குறிப்பு கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று சொல்லும். அடுத்தது, கணக்கு எந்த அடிப்படையில் தயாரானது என்று சொல்லும். வேறு எந்தத் தொழிலைவிடவும் விமானத் தொழிலில் இந்தப் பக்கங்களைப் படிக்காமல் பணம் போடுவது ஆபத்து என்பது, ஆடிட்டராக நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று.

காரணம், நாம் பார்க்கிற விமானம் பெரும்பாலும் கம்பெனியுடையது அல்ல. இண்டிகோ 2006இல் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாக ஆர்டர் கொடுத்து, விமானம் கைக்கு வந்ததும் அதை லீஸ் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டியே வளர்ந்தது. முன்பெல்லாம் இந்த வாடகை வெறும் செலவாக வந்து போகும். பேலன்ஸ் ஷீட்டில் கடனாகத் தெரியாது. 2019 ஏப்ரல் 1 முதல் இன்ட் ஏஎஸ் 116 என்ற, லீஸுக்கான இந்தியக் கணக்கு விதி வந்த பிறகு, வரும் ஆண்டுகளில் கட்ட வேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பு கடனாகவே ஏறுகிறது. லாப நஷ்டக் கணக்கில் வாடகை என்ற வரி சுருங்கி, அந்த இடத்தில் தேய்மானமும் வட்டியும் வந்தன. அதனால் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபத்தை மட்டும் காட்டி ‘பிரமாதம்’ என்று யாராவது சொன்னால், விமான வாடகையைக் கழிக்காமல் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடன் டாலரில் இருக்கிறது. டிக்கெட் காசு பெரும்பாலும் ரூபாயில் வருகிறது. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் டாலர் கடனை அன்றைய விலைக்கு மாற்றி எழுத வேண்டும். 500 கோடி டாலர் பாக்கி உள்ள ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் டாலர் 85 ரூபாயிலிருந்து 88 ஆனால், ஒரு விமானம்கூடப் பறக்காமலே 1,500 கோடி ரூபாய் நஷ்டம் பதிவாகும். 2025 செப்டம்பர் காலாண்டில் இண்டிகோ காட்டிய நிகர நஷ்டம் சுமார் 2,582 கோடி ரூபாய். அந்நியச் செலாவணி பாதிப்பை நீக்கிப் பார்த்தால் சுமார் 104 கோடி லாபம். ‘அது வெறும் காகித நஷ்டம் சார், விட்டுவிடுங்கள்’ என்று சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இன்று கையிலிருந்து போகாவிட்டாலும், லீஸ் முடியும்வரை மாதாமாதம் அந்த டாலரை வாங்கித்தான் கட்ட வேண்டும்.

பராமரிப்புச் செலவும் ஓரளவு மதிப்பீடுதான். லீஸ் முடிந்து விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்ஜின் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்காக இன்றே ஒதுக்கும் தொகையை நிர்வாகம் கணித்துச் சொல்கிறது. அந்தக் கணிப்பு மாறினால் லாபமும் மாறும்.

சரி, இதையெல்லாம்விட முக்கியமான வரி ஒன்று உண்டு. ‘இந்த நிதிநிலை அறிக்கை, நிறுவனம் தொடர்ந்து இயங்கும் என்ற அடிப்படையில் தயாரிக்கப்பட்டது’ என்பார்கள். குறைந்தது அடுத்த பன்னிரண்டு மாதங்களையாவது பார்த்துவிட்டே நிர்வாகம் அந்த முடிவுக்கு வர வேண்டும். அதில் பெரிய சந்தேகம் இருந்தால், ஆடிட்டர் தன் அறிக்கையில் தனித் தலைப்பு போட்டே எழுத வேண்டும். நான் விமான கம்பெனி அறிக்கையைத் திறந்தால் முதலில் தேடுவது அந்தத் தலைப்பைத்தான்.

சொத்தைவிடக் கடன் அதிகம் என்பதாலேயே ஒரு கம்பெனி மூழ்கிவிடாது. கொரோனாவுக்குப் பிறகு 2022, 2023 மார்ச் கணக்குகளில் இண்டிகோவின் நிகர மதிப்பே மைனஸில்தான் இருந்தது. கையில் ரொக்கம் இருந்ததால் தாண்டியது. 2023-24இல் 8,172 கோடி ரூபாய் லாபம் காட்டியது.

ஜெட் ஏர்வேஸிடம் அந்த ரொக்கம்தான் இல்லை. 2018 ஆகஸ்டில் காலாண்டு முடிவை அறிவிப்பதையே தள்ளிவைத்தார்கள். பின்னர் வந்த கணக்கில் 1,323 கோடி ரூபாய் நஷ்டம். 2019 தொடக்கத்தில், லீஸ் பாக்கிக்காக இத்தனை விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று பங்குச் சந்தைக்கு அடுத்தடுத்து அறிவிப்பு கொடுத்தார்கள். அந்த ஏப்ரல் 17 அன்று சேவை நின்றது.

அதற்குப் பிறகும் அந்தப் பங்கை வாங்கியவர்கள் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம், “இவ்வளவு விமானம் இருக்கே சார், வித்தாலே போட்ட காசு வந்துடுமே” என்றார். அவர் சொன்ன விமானங்களில் பெரும்பாலானவை லீஸ் கம்பெனிகளுக்குச் சொந்தம் என்று ஆண்டறிக்கையை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜெட் ஏர்வேஸைக் கலைக்க உத்தரவிட்டது. திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி வங்கிகள், ஊழியர்கள், அரசு, மற்ற கடன்காரர்கள் எல்லோரும் வாங்கியபின் மிச்சமிருந்தால்தான் சாதாரணப் பங்குதாரருக்கு.

பங்கே வாங்காதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் மூன்று மாதம் முன்னே கட்டிய டிக்கெட் காசு, நீங்கள் பறக்கும் நாள்வரை கம்பெனியின் வருமானமாகாது. பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கத்தில் நிற்கும். ஆனால் அந்தப் பணத்தைத் தனியாகப் பூட்டி வைப்பதில்லை; எரிபொருளுக்கும் சம்பளத்துக்கும் போய்விடுகிறது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 அன்று பறப்பதை நிறுத்தியபோது, டிக்கெட் வைத்திருந்தவர்களும் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. நெருக்கடியில் இருப்பதாகச் செய்தி வரும் விமான நிறுவனத்தில் பயணம் தவிர்க்க முடியாதென்றால், கிரெடிட் கார்டில் பணம் கட்டுங்கள். சேவை நின்றுபோனால் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் செய்தி வந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.