ரேடியோ ஊமையானால் விமானம் என்ன செய்யும்?

2017 பிப்ரவரி 16. மும்பையிலிருந்து லண்டனுக்கு 330 பயணிகளோடு போய்க்கொண்டிருந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், ஜெர்மனியின் மேலே பறக்கும்போது பேச்சுமூச்சில்லாமல் போனது. தரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜெர்மன் விமானப்படையின் இரண்டு போர் விமானங்கள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தன. அப்புறம் தொடர்பு கிடைத்து, விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது.

இதைக் கேட்டதும் ரேடியோ பழுது என்றுதான் நினைப்போம். ஆனால் இப்படித் தொடர்பு அறுபடும்போது பெரும்பாலும் ரேடியோ நன்றாகவே இருக்கும். தப்பான இடத்தில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். விமானங்கள் பேசும் விஹெச்எஃப் அலை நேர்கோட்டில் போவது. 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். அதனால் வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டும்போது விமானி புது எண்ணுக்கு மாற வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் போதும். நடு இரவில் ரேடியோ அமைதியாக இருப்பது சகஜம் என்பதால், தப்பு உடனே உறைக்காது. அவசர அலைவரிசையான 121.5-இல் இன்னொரு ரேடியோவைத் திறந்து வைத்திருப்பது இதற்காகத்தான். அதன் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தால்? அதுவும் போச்சு.

சரி, நிஜமாகவே பழுதானால்? விமானி டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று போடுவார். ரேடாருக்குப் பதில் சொல்லும் அந்தக் கருவி தனி என்பதால், ரேடியோ செத்தாலும் அது பேசும். கட்டுப்பாட்டு அறையின் திரையில் சங்கதி தெரிந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் பக்கத்தில் வசதியான விமான நிலையத்தில் இறங்கலாம். மேகத்துக்குள் என்றால், சர்வதேச விதிப்படி கட்டுப்பாட்டு அறை கடைசியாகச் சொன்ன உயரத்தையும் வேகத்தையும் ரேடார் பகுதியில் 7 நிமிடம், ரேடார் இல்லாத பகுதியில் 20 நிமிடம் மாற்றக்கூடாது. பிறகு புறப்படும்முன் எழுதிக்கொடுத்த திட்டப்படி போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது: பேசாவிட்டாலும் விமானி அடுத்து என்ன செய்வார் என்று கீழே இருப்பவருக்குத் தெரியும், மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவார்.

கடைசிக் கட்டத்துக்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. கோபுரத்திலிருந்து விமானத்தை நோக்கிப் பிடிக்கும் வண்ண விளக்கு. அணையாத பச்சை என்றால் இறங்கலாம். அணையாத சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டு வட்டமடிக்க வேண்டும். விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. புரிந்தது என்று சொல்ல, விமானி பகலில் இறக்கைகளை ஆட்டுவார். இரவில் தரையிறங்கும் விளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பார்.