பன்றிப் பண்ணைக்கு கேமரா, சென்சார்: மானியம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

பன்றிக் கொட்டகையில் மாட்டும் கேமராவுக்கோ வெப்பநிலை சென்சாருக்கோ தனி மானியத் திட்டம் எதுவும் கிடையாது. "பாதிப் பணம் அரசு தரும், இப்போதைக்கு முன்பணம் மட்டும் போடுங்க" என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம் பக்கம் யாராவது வந்து நின்றால், அரசாணையைக் காட்டச் சொல்லுங்கள். இப்படிப் பணத்தைக் கட்டிவிட்டு, ஓடாத பெட்டியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவர்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையில் இருப்பது தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம். மூலதனச் செலவில் 50 சதவீதம் மானியம். 50 தாய்ப்பன்றியும் 5 ஆண்பன்றியும் என்றால் அதிகபட்சம் 15 லட்சம். 100 தாய், 10 ஆண் என்றால் 30 லட்சம். சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. ரப்பர் தோட்டத்து ஓரம் பத்துப் பன்றி வளர்ப்பவருக்கு இதில் இடமில்லை. குட்டி வாங்கிக் கொழுக்க வைத்து விற்பவருக்கும் இல்லை, இது இனப்பெருக்கப் பண்ணைக்கானது. இதை முதல் நாளே சொல்லிவிடலாம். ஆனால் பட்டா, வில்லங்கச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்த்துக்கொண்டு போன பிறகுதான் பல இடங்களில் சொல்கிறார்கள்.

தகுதி இருக்கிறது என்றால், கருவிகளைத் திட்ட அறிக்கையிலேயே உபகரணச் செலவாக, விலைப்புள்ளியோடு சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேராது. அனுமதி வருமுன் வாங்கிய பில்லை நம்பவும் வேண்டாம். பில் விண்ணப்பதாரர் பெயரில்தான் இருக்க வேண்டும், மகன் பெயரில் அல்ல. நிலம் வாங்க, குத்தகை கட்ட, நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது பண்ணையை அன்றாடம் நடத்தும் செலவுக்கு, மானியம் இல்லை. ஆகவே சென்சாரின் சிம் ரீசார்ஜும் மாதச் சந்தாவும் உங்கள் கைக்காசு.

அலைக்கழிப்பு வங்கியில் ஆரம்பிக்கும். "கால்நடைத் துறைக் கடிதம் கொண்டா" என்பார் மேலாளர். "வங்கி சம்மதம் வரட்டும்" என்பார்கள் துறையில். நடைமுறை இதுதான்: இணையத்தில் விண்ணப்பம், மாநில முகமையின் பரிசீலனை, வங்கியின் கடன் ஒப்புதல், மாநிலக் குழுவின் பரிந்துரை, மத்திய துறையின் அனுமதி. கடன் தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து யாரிடமும் முறையிட முடியாது. மானியம் இரண்டு தவணை. இரண்டாவது, பண்ணை முழுதாக முடிந்து அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான். கொட்டகை போட்ட மேஸ்திரி அதுவரை காத்திருக்க மாட்டார். அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

கூட்டுப் பட்டா நம் மாவட்டத்தில் சாதாரணம். பங்காளிகள் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. பஞ்சாயத்து உரிமம் இல்லாவிட்டால், நாற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் ஒரு மனுவிலேயே வேலை நின்றுவிடும்.

இனி காப்பீடு. பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இழப்பீடு காதுவில்லை (பன்றியின் காதில் மாட்டும் அடையாள வில்லை) எண்ணைப் பார்த்துத்தான் வரும். பன்றி கம்பியில் காதை உரசும், பக்கத்துப் பன்றி கடித்து இழுக்கும். கிழிந்த ஓட்டை மட்டும் மிஞ்சும். வில்லை விழுந்த அன்றே கால்நடை மருத்துவரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லி மறுவில்லை போடுங்கள். மின்னணு வில்லை மாட்டியிருந்தாலும், பாலிசியில் ஏறியிருக்கும் எண் எதுவோ அதுதான் செல்லும். இரண்டு எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி, காதோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். கேமராப் பதிவு நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். பன்றி செத்தால் முதல் வேலை அந்த வீடியோவைத் தனியே எடுத்து வைப்பது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்தான் பெரிய அடி. 2022-ல் கேரளத்தில் வயநாடு, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி குட்டியும் ஓட்டல் கழிவும் வந்துகொண்டிருக்கும் மாவட்டம் இது. நம் நாட்டில் தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பன்றிகளை அழிப்பார்கள். நிவாரணம் அப்படி அழித்தவற்றுக்குத்தான், தானாகச் செத்தவற்றுக்கு இல்லை. ரெண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருந்தவர் இழப்பது இங்கேதான். தண்ணீர் மீட்டரில் பன்றிகள் குடிக்கும் அளவு திடீரென்று குறைந்தாலோ, உடல் சூடு 40 டிகிரி தாண்டினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. போனில் சொன்னதோடு நில்லாமல் ஒரு மனுவும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாதிரி போபால் ஆய்வகம் போய் முடிவு வர நாளாகும். அதற்குள் சாகிறவற்றைப் பற்றி எப்போது சொன்னீர்கள் என்ற கேள்வி வந்தால், கையில் அந்த முத்திரைதான் இருக்கும்.