நோவது முன்னால், பிழை பின்னால்

நீர்வேலியில் தோட்டம் செய்யும் ஒரு வாசகர் கேட்கிறார்: "மண்வெட்டி பிடித்த நாளில் பின்னேரமானால் தோள்மூட்டின் முன்பக்கம் ஆழமாக உளைகிறது. கோடாலித் தைலம் பூசியாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மருமகன் முதுகுப்பக்கம் தோட்பட்டையில் ஓரிடத்தை அமத்தினார்; அதே நோ முன்னால் வந்தது. எப்படி?"

தோட்பட்டை எலும்பின் பின்புறத்தில் படிந்திருக்கும் தசைதான் சந்தேகத்துக்குரியது. வேலை மிஞ்சும்போது சில இழைகள் முடிச்சுப்போலச் சுருங்கியபடியே நின்று, அங்கே இரத்த ஓட்டம் குறைந்து, நரம்பு முனைகளைச் சீண்டும் இரசாயனங்கள் தேங்குகின்றன என்பது வழக்கமான விளக்கம். இவ்விடங்களை 'ட்ரிகர் பொயின்ட்' என்று பிரபலப்படுத்தியவர் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வெள்ளை மாளிகை வைத்தியர் ஜேனட் டிரவெல். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது; கைதேர்ந்த இருவர் தடவிப் பார்த்தாலும் ஒரே இடத்தைக் காட்டுவார்கள் என்றில்லை.

ஆனால் நோ இடம் மாறுவதில் சந்தேகமே இல்லை. 1938 இல் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரன் என்ற வைத்தியர் 6% உப்புக் கரைசலைத் தசைகளில் ஏற்றிப் பார்த்தார். ஊசி இறங்கிய இடத்தை விட்டுத் தள்ளி வேறிடத்தில் நோ கிளம்பியது. உப்பும் ஊசியும் பொறுமையும் போதுமாக இருந்த ஆய்வு! தோட்டக்காரரின் தோளைப் பற்றி இங்கேயே இப்படி எளிய ஆய்வு செய்யலாம். நாம்தான் ஆய்வுக்குப் பணம் என்றதும் பெரிய மெஷின்களையே நினைக்கிறோம்.

சரி, ஏன் முன்னால்? கரு வளரும்போது இந்தத் தசை கழுத்துப் பகுதியில் இருந்து பின்னோக்கி நகர்ந்து போனது. நரம்பை மட்டும் பழைய ஊரில் இருந்தே இழுத்து வந்தது. அதனால் முதுகில் கிடந்தாலும் அதன் செய்தி கழுத்தின் ஐந்தாம், ஆறாம் நரம்புகள் வழியாகத்தான் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குப் போகிறது. தோளும் கையும் அனுப்பும் செய்தியும் அங்கேதான் வந்து சேர்கிறது. இரண்டு வளவுக்காரரும் ஒரே ஒழுங்கையால் வந்தால், சந்தியில் நிற்பவர் யார் அடிக்கடி வருவாரோ அவர் பேரைத்தான் சொல்வார். மூளையும் அப்படித்தான் 'தோள்' என்கிறது. இதில் எனக்குப் பிடித்தது ஜெர்மன் ஆய்வாளர் சீக்பிரீட் மென்ஸ் சேர்த்த விஷயம்: நோ தொடர்ந்தால், முண்ணாணில் அதுவரை தூங்கிக்கிடந்த இணைப்புகள் விழிக்கின்றன. பக்கத்து நரம்பணுக்களும் சத்தம் போடத் தொடங்க, நோவின் எல்லை கை வழியே கீழே இறங்குகிறது.

இதைத்தான் ஊரில் 'வாய்வு ஓடுது' என்பார்கள். நூல் ஓதிக் கட்டுவதும் உண்டு. கட்டிய பிறகு குறைந்தால், பாதிக் காரணம் அந்த இரண்டு நாளும் மண்வெட்டி தொடாததுதான் என்பேன்.

வாசகர் தோட்பட்டையின் பின்பக்கத்தை மெதுவாக அமத்தி, நீட்டி, சூடு பிடித்துப் பார்க்கலாம். ஒன்று கவனம்: இதயத்தின் நோவும் இதே தந்திரத்தால் இடது கையில் தெரியும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுமுட்டலோடு கை உளைந்தால் தைலப் போத்தலைத் தேடாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.