சவூதியில் பெட்ரோல் விலையும் 'குடிமக்கள் கணக்கும்': நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

மேலப்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சாச்சா சவூதியின் தம்மாம் நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். "அறையில் ஆள் இல்லாவிட்டாலும் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது சுவரில் கை வைக்க முடியாது. கரண்டு பில்லைப் பற்றி யாரும் பேசியதே இல்லை" என்பார்.

பேசாததற்குக் காரணம் விலை. 2015 கடைசி வரை அங்கே ஒரு லிட்டர் சாதாரண பெட்ரோல் 45 ஹலாலா (நூறு ஹலாலா ஒரு ரியால்), அதாவது அரை ரியால்கூட இல்லை. வீட்டு மின்சாரம் முதல் 2,000 யூனிட்டுக்கு, யூனிட் 5 ஹலாலா. எண்ணெய் வருமானத்தில் நாடு செழித்தது. வீட்டுக்கு வீடு கார் வந்தது, ஏசி வந்தது, கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பெருகின. அத்தனைக்கும் எரிந்தது எண்ணெயும் எரிவாயுவும்தான். வெளிநாட்டுக்கு விற்றால் நல்ல விலை போகும் கச்சா எண்ணெயைக் கோடைக்காலத்தில் மின் நிலையங்களில் அப்படியே எரித்தார்கள். வருமானத்தோடு புகையும் கூடவே ஏறியது. ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால், சவூதியின் கரியமில வாயு இந்தியாவைப் போல எட்டு மடங்குக்கும் மேல். ஏற்றுமதியாகும் எண்ணெயின் புகை அந்தக் கணக்கில் சேராது. அது எரிக்கும் நாட்டின் கணக்கில் ஏறும். வண்ணார்பேட்டையில் நாம் போடும் பெட்ரோலின் புகை நம் கணக்கு.

2014-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும் சவூதி அரசு மலிவு விலையைக் கைவிடத் தொடங்கியது. பெட்ரோல் 2016-இல் 75 ஹலாலா, 2018 ஜனவரி முதல் தேதி 1.37 ரியால். மின்சாரம் யூனிட் 18 ஹலாலா. அந்த ஆண்டு நாட்டின் கரியமில வாயு வெளியேற்றம் குறைந்தது. விலை ஏறினால் சுவிட்சை அணைக்கக் கை போகிறது என்பதற்கு இதையும் ஒரு சான்றாக நினைக்கிறேன். 2021 ஜூலையில் பெட்ரோலை 2.18 ரியாலுக்கு மேல் ஏறாமல் அரசு நிறுத்தியது. மக்களின் சுமைக்காகச் செய்ததுதான். ஆனாலும் எனக்கு அது ஒரு பின்வாங்கலாகவே படுகிறது.

விலை ஏற்றத்தை ஈடுகட்ட வந்த அரசு உதவித் திட்டம்தான் 'குடிமக்கள் கணக்கு'. நம் ஊரில் சிலிண்டரை முழு விலைக்கு வாங்கி, மானியத்தை வங்கியில் பெற்றோமே, அதே வழி. குடும்பத் தலைவர் பதிவு செய்ய வேண்டும். வருமானத்தையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் பார்த்து மாதந்தோறும் பணம் போடுவார்கள். முதல் தவணை 2017 டிசம்பரில் வந்தது.

இது சவூதிக் குடிமக்களுக்கு மட்டும். இகாமாவில், அதாவது வெளிநாட்டவருக்கான தங்கும் அனுமதியில், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏறிய பெட்ரோல் விலையும் மின் கட்டணமும் மட்டும் அவர்களுக்கும் உண்டு.

கூடவே இன்னொன்றும் வந்தது. 2017 ஜூலை முதல், உடன் வைத்திருக்கும் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம். ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020-இல் 400 ஆனது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 19,200 ரியால். சாச்சா முதல் ஆண்டிலேயே குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார். இப்போது குடும்பத்தை அழைத்துப் போக நினைப்பவர்கள், சம்பளத்தைப் பேசும்போதே இந்தக் கட்டணத்தையும் கோடை மாதங்களின் கரண்டு பில்லையும் யார் கட்டுவது என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.