சவலைப் பிள்ளை எங்கே தேறும்?

"இவன் அப்பனும் சின்னதுல இப்படித்தான் இருந்தான் டாக்டரம்மா. ஒல்லி உடம்பு. தானா தேறிடுவான்." அங்கன்வாடியில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி சொன்னார். பையனுக்கு ஒன்றரை வயது. இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கையின் சுற்றளவைப் பார்க்கும் வண்ண நாடாவைச் சுற்றினேன். 11.2 சென்டிமீட்டர். சிவப்பு.

11.5-க்குக் கீழே இருந்தால் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. 12.5 வரை மஞ்சள், அப்புறம் பச்சை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இதே அளவுதான் என்பதால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இந்த நாடாவைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டியே காரணத்தையும் சொன்னார். "அடுத்தது வயித்துல தங்கினதும் பால் மறக்கடிச்சோம். அதுலேருந்து சவலையாயிட்டான்." ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், பாதம் வீங்கும் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு 1935-ல் 'குவாஷியார்கர்' என்ற பெயரை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். அந்த ஊர் மக்களின் சொல் அது. அடுத்த குழந்தை வந்ததும் முந்தையதைப் பிடிக்கும் நோய் என்பது அதன் பொருள். நம் பாட்டிமாருக்கு அந்தக் காரணம் எப்போதோ தெரியும். தானாகத் தேறிவிடும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து.

பையனுக்குக் காய்ச்சல் இல்லை, பாதத்தில் வீக்கம் இல்லை. நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய் சேர்த்த பசையைக் கொடுத்ததும் ஆசையாகச் சாப்பிட்டான். இப்படிப் பசியெடுக்கும் குழந்தையை வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2007-லேயே சொல்லிவிட்டன. அதற்கு முன்பு எல்லோருக்கும் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிதான். கூலி போய்விடும், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளிருக்காது. பாதியில் கிளம்பிப்போன அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு வாரத்துக்கான பசைப் பொட்டலங்களைக் கொடுத்தனுப்பினோம். மறுவாரம் எடை ஏறவில்லை. "எல்லாம் இவனுக்குத்தானே கொடுத்தீங்க?" என்று கேட்டேன். அம்மாவின் முகம் இறுகிவிட்டது. தப்பான கேள்வி. அங்கன்வாடி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியவ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன சாப்பிடுறா?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வந்தது. அக்கா கேட்டு அழ, பொட்டலம் இரண்டு பங்காகியிருக்கிறது. எந்த அம்மா ஒரு பிள்ளைக்குக் கொடுத்து இன்னொன்றைப் பார்க்கவிடுவாள்? அக்காவுக்கு முதலில் சாப்பாடு, அப்புறம் தம்பிக்குப் பொட்டலம் என்று டீச்சரே முறை செய்துகொடுத்தார். அடுத்த வாரம் எடை ஏறியது.

வீட்டுக் கஞ்சியையும் பார்த்தோம். தண்ணீராக இருந்தது. ஏழு கிலோ குழந்தையின் வயிறு சுமார் 200 மில்லியில் நிறைந்துவிடும். நீர்க்கஞ்சியால் நிறைந்தால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். முளைகட்டிய கேழ்வரகு மாவு இதற்கு அருமையான வழி. முளைக்கும்போது உண்டாகும் நொதி கஞ்சியை இளக்கிவிடும், அதனால் மாவைக் கூடுதலாகப் போட்டாலும் குழந்தையால் விழுங்க முடியும். இறக்கியதும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் 40 கலோரிக்கு மேல் சேரும்.

1990-களின் தொடக்கத்தில் வியட்நாமின் தான் ஹோவா மாகாணத்தில் 'சேவ் த சில்ட்ரன்' தொண்டு நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக் ஸ்டெர்னினும், ஏழை வீடுகளிலேயே நன்றாக வளரும் குழந்தைகளைத் தேடிப்போனார்கள். அந்த அம்மாக்கள் வயலில் கிடைத்த குட்டி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்த்து, நாளுக்கு நான்கைந்து தடவை ஊட்டியிருக்கிறார்கள். அப்புறம் மற்ற அம்மாக்களும் ஆளுக்குக் கைப்பிடி இறாலோ நண்டோ கொண்டுவந்து, ஒரே வீட்டில் கூடிச் சமைத்துப் பழகினார்கள். எங்கள் கடலோரக் குப்பத்தில் அதற்கு ஈடு சென்னாக்குனி என்ற பொடி இறால். வறுத்துப் பொடித்துக் குழந்தையின் சோற்றில் போடும் ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தோம். இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்தான்.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றாலோ, குழந்தை சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.