ஒரு கன்றுக்கு இரண்டு பெயர்

பெருந்துறையிலிருந்து பி.சி.ஏ. மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு ஆப்ஜெக்ட்டை இன்னொரு மாறிக்குக் கொடுத்தேனுங்க. ரெண்டாவதைத்தான் மாத்தினேன். மொதல்ல இருந்ததும் எப்படிங்க சேர்ந்து மாறிப்போச்சு?”

கிளாஸ் அச்சு, ஆப்ஜெக்ட் அதில் வார்த்தது, மாறி (வேரியபிள்) அதைக் கூப்பிடும் பெயர் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் கேட்டதற்குப் பதில் வேண்டுமென்றால் படம் பார்க்க வேண்டும். கணினி ஆய்வாளர் பிலிப் குவோ 2010-இல் வெளியிட்ட பைதான் டியூட்டர் என்ற இணையக் கருவி, பைதான் நிரல்மொழியில் நாம் எழுதுவதற்கு அந்தப் படத்தை வரைந்து காட்டும். காசு கிடையாது, பிரவுசரிலேயே ஓடும்.

பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். அதனால் நம்மூர் மாட்டையே பிடித்துக் கட்டினேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் ஆகும்போது சாம்பலுக்கு மாறிவிடும். நிறம் ‘சிவப்பு’ என்று ஓர் ஆப்ஜெக்ட் உருவாக்கி ‘கன்று’ என்ற மாறியில் வைத்தேன். அடுத்த வரி: லட்சுமி = கன்று. அதற்கடுத்து: லட்சுமி.நிறம் = ‘சாம்பல்’.

இனி இதை பைதான் டியூட்டரில் போட்டு ஒவ்வொரு வரியாக நகர்த்துங்கள். முதல் வரியில் வலப்பக்கம் ஒரு பெட்டி முளைக்கிறது (அதுதான் ஆப்ஜெக்ட்), ‘கன்று’விலிருந்து அதற்கு ஓர் அம்பு. இரண்டாவது வரியில் இன்னொரு பெட்டி வரும் என்றுதானே நினைப்போம்? வராது. ‘லட்சுமி’யிலிருந்து ஓர் அம்பு கிளம்பி அதே பெட்டியில் போய்க் குத்துகிறது. இரண்டு கயிறு, ஒரே கன்று. மூன்றாவது வரியில் பெட்டிக்குள் நிறம் மாறுகிறது. அம்புகள் அசையவே இல்லை. அதனால் ‘கன்று’வின் நிறத்தைக் கேட்டாலும் சாம்பல் என்றுதான் வரும்.

எனக்குப் பிடித்தது பைதான் டியூட்டரின் உள்வேலை. நாம் பார்ப்பது நேரலை அல்ல. நிரலை முதலிலேயே முழுதாக ஓட்டி, ஒவ்வொரு அடியிலும் எந்த மாறி எதைச் சுட்டியது என்று எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் புரட்டுவது அந்தக் குறிப்பேட்டை. அதனால்தான் பின்னாலும் போக முடிகிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் பைதானிடம் ஓர் அடையாள எண் உண்டு, கன்றின் காதில் மாட்டிய தோடு மாதிரி. எண் ஒன்றென்றால் பெட்டியும் ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஸ்மார்ட் போர்டு வாங்கி, அதில் இப்படிப் படம் காட்டாமல் இதே பாடத்தின் வரையறைகளை ஸ்லைடாக ஓட்டுகிறார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டும் வைப்பார்கள். வயிற்றெரிச்சல்தான்.

சரி, நிஜமாகவே இரண்டு கன்று வேண்டுமென்றால்? பைதானோடு வரும் காப்பி (copy) மாட்யூலில் உள்ள, நகலெடுக்கும் காப்பி கட்டளை போதும், பெட்டி இரண்டாகும். ஆனால் கன்றுக்குள் ‘தாய்’ என்று ஒரு பசு ஆப்ஜெக்ட்டை வைத்துவிட்டு நகலெடுத்துப் பாருங்கள்: இரண்டு கன்றின் அம்பும் ஒரே பசுவிடம் போய் நிற்கும். உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி (deepcopy) போட்டால்தான் பசுவும் இரண்டாகும்.