பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தச் சாக்கை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்

போன மாதம் பழைய புத்தகம் வாங்க மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, வீட்டை பில்டரிடம் ஒப்படைக்க இன்னும் பத்து நாள்தான் பாக்கி. மருமகள் என்னை உள்ளே கூப்பிட்டு, ஹாலில் அடுக்கி வைத்திருந்த புத்தகங்களைக் காட்டினார். ஆங்கில என்சைக்ளோபீடியா ஒரு முழு செட், கட்டுக் கட்டாக ரீடர்ஸ் டைஜஸ்ட், மகன் காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் புத்தகங்கள். தூசி தட்டி, துணியால் துடைத்துக்கூட வைத்திருந்தார். "எல்லாம் நல்ல கண்டிஷன் அண்ணா, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார். எனக்குச் சொல்லவே சங்கடம். அந்த ஹாலில் இருந்ததில் முக்கால்வாசியை சும்மா கொடுத்தாலும் நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு அரிசிச் சாக்கு இருந்தது. அது என்னம்மா என்று கேட்டேன்.

"அது குப்பைண்ணா. நோட்டீஸு, கிழிஞ்ச பேப்பரு. சாயந்திரம் பேப்பர்காரர் வருவார்."

தரையில் கவிழ்த்துப் பார்த்தால், தியேட்டர் வாசலில் அந்தக் காலத்தில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் முப்பதுக்கு மேல். எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், பின்னட்டையில் சோப்பு விளம்பரம். ஏதோ ஒரு நாடகக் கம்பெனியின் ரோஸ் கலர் நோட்டீஸ், தொட்டால் உதிர்கிற பதத்தில். கும்பகோணம் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேக மலர், கல்யாணத்தில் அச்சடித்துக் கொடுத்த வாழ்த்துப் பா இரண்டு மூன்று, ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர். அடியில் நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்று, அதில் பெரியவரின் அம்மா கைப்பட எழுதின சமையல் குறிப்பும் கைவைத்தியமும்.

திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பழைய புத்தகம் விற்கிறேன், போகிற வீட்டிலெல்லாம் இதே கதைதான். தடிப்பான புத்தகத்தைத் துடைத்து எனக்குக் காட்டுகிறார்கள், மெல்லிசாக இருப்பதைச் சாக்கில் கட்டிப் பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்கிறேன்.

ஏன் என்றால், தடிப்பான புத்தகம் எங்கேயும் போய்விடாது. பெரிய பதிப்பகம் போட்ட புத்தகத்துக்கு எப்படியும் நாலு பிரதி எங்காவது இருக்கும். 1954-ல் வந்த சட்டப்படி பதிப்பாளர் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம்ம எழும்பூர் கன்னிமாராவுக்கும், டெல்லி, பம்பாய் நூலகங்களுக்கும் அனுப்பியாக வேண்டும். எல்லோரும் ஒழுங்காக அனுப்பினார்களா என்பது வேறு கதை. ஆனால் கிராமத்தில் கோயில் கமிட்டி சேர்ந்து பக்கத்து டவுன் அச்சகத்தில் ஐந்நூறு பிரதி அடித்த மலரை யார் கன்னிமாராவுக்கு அனுப்பியிருக்கப் போகிறார்கள்? அந்த ஊரில் யார் யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள், நாதஸ்வரம் யார், எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது என்பதெல்லாம் அந்த மலரில் மட்டும்தான் இருக்கும். அது கூழானால் ஆனதுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இதைப் புரிந்துகொண்டவர். அவருக்கு சென்னையில் சைன்போர்டு எழுதுகிற தொழில், ரோஜா என்ற பேரும் அதில் வந்ததுதான். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் சுற்றிச் சுற்றி, புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காலணாப் பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் பிரிக்கிற பல காகிதங்கள் ஒரு காலத்தில் யாரோ வீட்டில் குப்பை என்று எடை போட்டவைதான்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்த மாமாவுக்கு மூர் மார்க்கெட்டில்தான் கடை. 1985 மே மாதம் அது எரிந்தபோது அவருக்கு மிஞ்சியது வீட்டில் வைத்திருந்த இரண்டு மூட்டை. பிறகு அல்லிக்குளம் பக்கம் கொஞ்ச நாள், அப்புறம் பிளாட்பாரம். அவர் சொல்வார், "எரிஞ்சதைப் பத்தி அழுது பிரயோஜனம் இல்லடா, எடைக்குப் போறதைத் தடு."

சரி, சாக்கைக் கவிழ்த்துவிட்டீர்கள். எது பழசு, எது நேற்றையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருஷம் போடாத அச்சு நிறைய உண்டு. முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. அடுத்து விலாசம். 'சென்னை-5' என்று மொட்டையாக இருந்து ஆறு இலக்கப் பின்கோடு இல்லையென்றால் 1972-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு எழுத்து. லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வளைந்திருந்தால் பழைய அச்சு. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததற்குப் பிறகு அந்த வடிவம் மெல்ல மறைந்துவிட்டது, சில பத்திரிகைகள் மட்டும் அதற்கப்புறமும் கொஞ்ச காலம் பிடிவாதமாக வைத்திருந்தார்கள். சிலதில் வெறும் தமிழ் வருஷப் பேர் மட்டும் இருக்கும். பிரபவ என்றால் 1987 என்று நினைத்துவிடாதீர்கள், அறுபது வருஷச் சுற்று, 1927-உம் பிரபவதான். மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்த்தால் எந்தச் சுற்று என்று பிடிபட்டுவிடும்.

இன்னொரு விஷயம். எந்தப் புத்தகத்தையும் எடைக்கோ என்னிடமோ கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். நம்ம பெரியவர்களுக்கு பீரோ லாக்கரை விடப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை அதிகம். மார்க் ஷீட், எல்.ஐ.சி. பத்திரம், போஸ்ட் ஆபீஸ் சேமிப்புச் சான்றிதழ், நகைக்கடன் ரசீது எல்லாம் எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை சுந்தரகாண்டம் பாராயணப் புத்தகம் ஒன்றைப் பிரித்தேன். நடுவில் ஒரு கல்யாணக் கவர், உள்ளே ஆயிரம் ரூபாய் நோட்டு ஏழு, சலவை கலையாமல். கவரின் மேல் பென்சிலில் 'திருப்பதி' என்று எழுதியிருந்தது. நான் பார்த்தது 2018-ல். 2016 நவம்பரிலேயே அந்த நோட்டு செல்லாமல் போய், மாற்றும் கெடுவும் முடிந்துவிட்டது. புத்தகத்தை என்னிடம் போட்ட அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் கையெழுத்துதான்" என்றார். நோட்டை எண்ணவே இல்லை.

எல்லாப் பழைய புத்தகக்காரனும் திருப்பிக் கொடுப்பான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. பேப்பர் கடைக்குப் போனால் கொடுக்க ஆளே இருக்காது. அங்கே அட்டை தனி, வெள்ளைத் தாள் தனி, நியூஸ் பேப்பர் தனி என்று கிழித்துப் பிரித்து மூட்டை கட்டிவிடுவார்கள். கிலோவுக்குப் பத்தோ பதினைந்தோ அன்றைய ரேட் போட்டு ஒரு வேனில் ஏறினால் நேராக மில்லுக்கு. நான் காலை ஏழு மணிக்கு டீயைக் குடித்துவிட்டு நாலைந்து பேப்பர் கடை சுற்றுவதே அந்த வேன் வருவதற்குள் போய்விட வேண்டும் என்றுதான். ஒரு நாள் ஐந்து நிமிஷம் பிந்திப் போய், பழைய வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து வீட்டிலேயே பைண்டு செய்த பதினோரு வால்யூமின் அட்டைகளை மட்டும் தரையில் பார்த்தேன். துணி ஒட்டிய அட்டை மில்லுக்கு ஆகாதாம், அதனால் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். முதுகில் மையில் யாரோ முத்து முத்தாக நம்பர் போட்டிருந்தார்கள்.

விலை விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் மனஸ்தாபம் வருகிறது. பழசு என்றால் லட்சம் பெறும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். பெறாது. நான் நூறு ரூபாய்க்கு விற்க முடியும் என்று நினைக்கிற புத்தகத்துக்கு உங்களுக்கு இருபத்தைந்து, மிஞ்சினால் முப்பது கொடுப்பேன். நூறு புத்தகம் எடுத்தால் ஒரு மாசத்தில் இருபதுதான் போகும், பாதி வருஷக்கணக்கில் கிடக்கும், கடைசியில் நானே எடைக்குப் போடுவதும் உண்டு. காலையில் போணி ஆகாமல் மத்தியானம் வரை வெயிலில் உட்கார்ந்த நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. போட்டித் தேர்வு கைடு, நீட் புத்தகம், ஆங்கில நாவல், குழந்தைகள் படப் புத்தகம், இதுதான் என் வீட்டு அரிசி பருப்பு. பாட்டுப் புத்தகமும் கோயில் மலரும் வாங்குகிற ஆட்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆனால் அவர்கள் வந்தால் பேரம் பேச மாட்டார்கள், நானும் அவர்களிடம் அநியாய விலை சொல்ல மாட்டேன்.

என்னிடம்தான் விற்க வேண்டும் என்று இல்லை. என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அட்டையை போனில் படம் எடுத்து, தரமணி நூலகத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ கேளுங்கள். அவர்கள் அரிய புத்தகங்களை ஸ்கேன் செய்து மின்னூலகத்தில் போடுகிறார்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா மாதிரி தனிப்பட்ட முறையில் சேர்த்து வளர்த்த நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் கேட்காமல் கொள்ளாமல் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் கிளை நூலக வாசலில் இறக்காதீர்கள். அவர்களுக்கும் இடம் கிடையாது, அதுவும் சுற்றிச் சுற்றி எடைக்குத்தான் போகும்.

முடிவு செய்கிற வரைக்கும் அதை வீட்டிலேயே கெடாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். தயவு செய்து செலோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டு வருஷத்தில் பழுத்து, பசை எழுத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும், பழைய காட்டன் துணியில் சுற்றி வசம்புத் துண்டு இரண்டு போட்டு வையுங்கள், ராமபாணப் பூச்சி அண்டாது. சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். நனைந்துவிட்டால் வெயிலில் காயப் போடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எத்தனையோ பேர் மொட்டை மாடியில் பரப்பி வைத்து, வழவழ தாளெல்லாம் செங்கல் மாதிரி ஒட்டிப்போய்க் கொண்டுவந்தார்கள். நிழலில், பேன் காற்றில், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் வைத்து உலர்த்த வேண்டும். பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

மேற்கு மாம்பலம் சாக்குக்கு வருகிறேன். பாட்டுப் புத்தகங்களுக்கும் நோட்டீஸுக்கும் என்னால் முடிந்த விலை கொடுத்தேன், கோயில் மலரை அந்த ஊர்க்காரர்கள் யாராவது கேட்பார்கள் என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கணக்கு நோட்டை மட்டும் நான் வாங்கவில்லை. மருமகளிடமே கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். "மிளகு அரை ஆழாக்கு" என்று படித்துவிட்டு நிறுத்தினார். ஆழாக்கு என்றால் எவ்வளவு அண்ணா என்று கேட்டார். எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை, வீட்டில் பழைய படி, உழக்கு ஏதாவது இருக்கா பாருங்கள் என்றேன். அதெல்லாம் போன வாரமே பித்தளைக்காரருக்குப் போட்டாச்சு என்றார்.

வீட்டைக் காலி செய்கிறவர்கள் என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் தை பிறந்த பிறகு கூப்பிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் என் சரக்கையே தார்ப்பாய் போட்டுக் காப்பாற்ற முடியாமல் நான் எதிர்க்கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்றுகொண்டிருப்பேன்.